பாலிமர் ஆக்சிஜனேற்றத்தை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடைந்த பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு "இதற்கு என்ன ஆயிற்று?" என்று வருபவர்களும், முதன்முறையாக டி.எஸ்.சி. கருவி (மாதிரி சூடாகும்போது வெப்பம் கொள்வதையும் விடுவதையும் அளப்பது) முன் உட்காரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குப் போதாது.

வெயிலில் கிடந்த துணி க்ளிப் கையில் எடுத்ததும் நொறுங்குகிறதே, அதற்குள் என்ன நடந்திருக்கிறது?

பார்வைக்கு அதே க்ளிப்தான். நிறம் கொஞ்சம் வெளுத்திருக்கும், தடவினால் விரலில் பொடி ஒட்டும். உள்ளே பாலிபுரொப்பிலீனின் நீண்ட சங்கிலிகள் அங்கங்கே அறுபட்டிருக்கின்றன.

எத்தனை அறுந்தால் நொறுங்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சங்கிலியின் மூலக்கூறு எடை 2,00,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு புரொப்பிலீன் அலகின் எடை 42. ஆக, அந்தச் சங்கிலியில் ஏறத்தாழ 4,760 அலகுகள். நடுவில் ஒரே ஓர் இடத்தில் வெட்டு விழுந்தால் போதும், மூலக்கூறு எடை பாதியாகிவிடும். நாலாயிரத்துச் சொச்சம் அலகுகளில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது, மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனால் பிளாஸ்டிக்குக்கு வலு வருவது சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பதால்தான். நீளம் குறைந்தால் சிக்கல் அவிழ்ந்துவிடும், பிறகு இழுவிசையைத் தாங்க ஆளில்லை. அறுந்த துண்டுகள் பக்கத்துப் படிகங்களோடு சேர்ந்து அடுக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது மேற்பரப்பு சுருங்கி நுண்விரிசல் விடும்.

இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் கீழே வரும் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

ஆக்சிஜன் எப்படிச் சங்கிலியை அறுக்கிறது?

நேரடியாக அறுப்பதில்லை. வெப்பமோ, புற ஊதாக் கதிரோ, உருக்கி வார்க்கும்போது ஏற்படும் இழுபறியோ எங்கோ ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கி, பாலிமரில் ஒரு ராடிக்கலை, அதாவது இணையற்ற எலக்ட்ரான் கொண்ட துடிப்பான ஓர் இடத்தை, உண்டாக்கும். ஆக்சிஜன் அதோடு உடனே சேர்ந்து பெராக்சி ராடிக்கல் ஆகும். அது பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஹைட்ரஜனைப் பிடுங்கி ஹைட்ரோபெராக்சைடாக மாறும். பிடுங்கப்பட்ட இடத்தில் புது ராடிக்கல். இந்தப் பிடுங்கும் படிதான் மெதுவானது.

வில்லங்கமே ஹைட்ரோபெராக்சைடில்தான் இருக்கிறது. அதிலுள்ள ஆக்சிஜன்–ஆக்சிஜன் பிணைப்பு பலவீனமானது. அது உடையும்போது ஒன்றுக்கு இரண்டாக ராடிக்கல்கள் பிறக்கும். வினை தன்னைத் தானே பெருக்கிக்கொள்வது இப்படித்தான். அப்போது உண்டாகும் ஆல்காக்சி ராடிக்கல் பக்கத்துக் கார்பன்–கார்பன் பிணைப்பை முறித்துக் கார்பனைலாக, அதாவது கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த தொகுதியாக, மாறும். சங்கிலி உண்மையில் அறுபடுவது இந்த இடத்தில்.

இந்த வினைத்திட்டத்தை 1940-களில் வகுத்துத் தந்தவர்கள் ரப்பர் ஆய்வில் இருந்த போலாண்டும் ஜீயும். ரப்பரையே நேரடியாக எடுக்காமல், எத்தில் லினோலியேட் போன்ற சிறு மூலக்கூறுகளை மாதிரியாக வைத்து வேகங்களை அளந்தார்கள். அதன் மேல் எத்தனையோ திருத்தங்கள் வந்துவிட்டாலும் இன்றைக்கும் எல்லாரும் தொடங்குவது அங்கிருந்துதான்.

எல்லா பாலிமரும் ஒரே வேகத்தில் கெடுமா?

இல்லை. எளிதில் பிடுங்கக்கூடிய ஹைட்ரஜன் எத்தனை என்பதைப் பொறுத்தது. பாலிபுரொப்பிலீனில் ஓர் அலகுக்கு ஒரு மூவிணையக் கார்பன் (வேறு மூன்று கார்பன்களோடு சேர்ந்தது, அதன் ஹைட்ரஜன் எளிதில் போகும்) இருப்பதால் அது பாலிஎத்திலீனைவிட வேகமாகக் கெடும். இயற்கை ரப்பரிலும் பாலிபியூட்டாடையீனிலும் இரட்டைப் பிணைப்புக்குப் பக்கத்திலுள்ள ஹைட்ரஜன்கள் இன்னும் சுலபமாகப் போகும். டெஃப்லானில் பிடுங்க ஹைட்ரஜனே கிடையாது.

ஒரே ஒரு சோதனை செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது?

எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைப் பொறுத்தது என்று சொன்னால் நழுவுவதாக நினைப்பார்கள். ஆனாலும் அதுதான் பதில். ஒவ்வொரு கருவியும் வினையின் ஒரு கட்டத்தை மட்டுமே பார்க்கிறது. பாதுகாப்பு மருந்து, அதாவது ஆன்டிஆக்சிடன்ட், எவ்வளவு மிச்சம் என்பதை ஓ.ஐ.டி. (ஆக்சிஜனேற்றத் தூண்டல் காலம்) சொல்லும். ஹைட்ரோபெராக்சைடு சேர்ந்திருக்கிறதா என்பதை அயோடின் முறையும் ஒளிர்வு அளவீடும் சொல்லும். கடைசியில் வரும் கார்பனைலைக் காட்டுவது அகச்சிவப்பு. சங்கிலி அறுந்ததைச் சொல்வது, மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜி.பி.சி. பாகம் இன்னும் தாங்குமா என்பதை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு கட்டத்தின் எண்ணை இன்னொரு கட்டத்துக்குச் சான்றாகக் காட்டுவதுதான் நான் பார்த்த அறிக்கைகளில் அடிக்கடி நேரும் பிழை. "கார்பனைல் இல்லை, எனவே பொருள் நன்றாக இருக்கிறது" என்று எழுதியிருப்பார்கள். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: நாலாயிரத்துச் சொச்சத்தில் ஒன்று. அதை அகச்சிவப்பில் பிடிப்பது கடினம். பொருளோ அதற்குள் நொறுங்கத் தொடங்கியிருக்கலாம்.

உடைந்த பாகம் ஒன்று வந்து, ஏன் உடைந்தது என்றே தெரியாத நிலையில் எனக்கு ஒரே வாய்ப்புத்தான் என்றால் அகச்சிவப்பை எடுப்பேன். சில நிமிட வேலை, மாதிரியும் வீணாகாது, பாலிமர் இன்னதென்றும் தெரிந்துவிடும். பாலிபுரொப்பிலீன் என்று எழுதிக் கொடுத்தது வேறொன்றாக இருந்த அனுபவம் எல்லா ஆய்வகத்திலும் உண்டு.

அகச்சிவப்பு நிறமாலையில் எதைப் பார்க்க வேண்டும்?

1,650 முதல் 1,850 செ.மீ⁻¹ வரையிலான பகுதி. புத்தம்புதிய பாலிஎத்திலீனில் அங்கே வெறும் தரைதான். ஆக்சிஜனேற்றம் ஏறஏற ஒரு மேடு எழும்பும். அது ஒரே சிகரம் அல்ல: கீட்டோன் 1,720-ஐ ஒட்டியும், கார்பாக்சிலிக் அமிலம் 1,710-ஐ ஒட்டியும், எஸ்டர் 1,740-ஐ ஒட்டியும், லாக்டோன் 1,780-ஐ ஒட்டியும் வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். 3,400 பக்கம் ஓர் அகன்ற புடைப்பு வரும்; ஹைட்ரோபெராக்சைடும் ஆல்கஹாலும் அதற்குள் கலந்திருக்கும்.

மேட்டைப் பிரித்துப் பார்க்க ஒரு பழைய வேதியியல் வழி உண்டு. அமோனியா வாயுவில் படலத்தை வைத்தால் அமிலம் மட்டும் கார்பாக்சிலேட்டாகி 1,710-ஐ விட்டு இறங்கிப் போகும். நைட்ரிக் ஆக்சைடு வாயு ஹைட்ரோபெராக்சைடை நைட்ரேட்டாக மாற்றி 1,630 அருகே கூர்மையான சிகரம் தரும். கணினியில் வளைவுகளைப் பொருத்திப் பிரிப்பதைவிட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம். எத்தனை வளைவு வேண்டும் என்று நாமே சொல்லிக் கொடுத்தால் கணினி எதற்கும் பொருத்திக் காட்டும். வாயுக்கள் நச்சுத்தன்மை உள்ளவை, புகைக்கூண்டு இல்லாமல் தொடக்கூடாது.

புதுப் படலத்திலேயே கார்பனைல் சிகரம் வருகிறது. அதற்குள் கெட்டுவிட்டதா?

அவசரப்படாதீர்கள். ஒருமுறை அன்றைக்குத்தான் செய்த பாலிஎத்திலீன் படலத்தில் 1,740-இல் அழகான ஒரு சிகரம் வந்தது. அரை நாள் உருக்குக் கருவியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் படலத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், சிகரத்தைக் காணோம். என் கட்டைவிரல் எண்ணெய். தோலின் எண்ணெய்ப்பசையில் எஸ்டர் நிறைய இருக்கிறது.

துடைத்தும் போகவில்லை என்றால் சேர்மானப் பொருள்களைச் சந்தேகியுங்கள். அதிகம் பயன்படும் ஃபீனால் வகை ஆன்டிஆக்சிடன்டான இர்கனாக்ஸ் 1010-இலேயே எஸ்டர் தொகுதிகள் உண்டு. வழுவழுப்புக்காகச் சேர்க்கும் அமைடுகள் 1,650-ஐ ஒட்டி வரும். புதுப் பொருளின் நிறமாலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கழித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கார்பனைல் குறியீடு எங்களுக்கு ஒரு மாதிரி, அவர்களுக்கு ஒரு மாதிரி வருகிறதே?

ஆளுக்கொரு வரையறை வைத்திருப்பதால்தான். கார்பனைல் சிகரத்தை மாறாத வேறொரு சிகரத்தால் வகுத்து வரும் விகிதம் அது. படலத்தின் தடிமன் பாதிக்காமல் இருக்க இப்படிச் செய்கிறோம். சிலர் உயரத்தை எடுப்பார்கள், சிலர் பரப்பை. வகுக்கும் சிகரமாக ஒருவர் 1,460-ஐ எடுப்பார், பாலிபுரொப்பிலீன் என்றால் இன்னொருவர் 974-ஐயோ 2,720-ஐயோ எடுப்பார். பரப்புமுறையில் 1,650–1,850 பகுதியை 1,420–1,500 பகுதியால் வகுப்பது இப்போது பரவலாகிவருகிறது. எதை எடுத்தாலும் சரி, அறிக்கையில் எழுதுங்கள். வரையறை எழுதாத குறியீட்டை வைத்து எதையும் ஒப்பிட முடியாது.

ஏ.டி.ஆர். முறையில் (மாதிரியைப் படிகத்தின் மேல் அழுத்தி) எடுக்கலாமா, ஒளியை ஊடுருவ விட்டு எடுக்க வேண்டுமா?

வைரப் படிகம் வைத்த ஏ.டி.ஆர். கார்பனைல் பகுதியில் மேலிருந்து சுமார் 1 மைக்ரோமீட்டர் ஆழத்தைத்தான் பார்க்கிறது. ஊடுருவல் முறை முழுத் தடிமனின் சராசரியைத் தரும். வெயிலில் கிடந்த பொருளில் மேற்பரப்புத்தான் முதலில் கெடும் என்பதால், ஏ.டி.ஆர். பயமுறுத்தும், ஊடுருவல் ஆறுதல் சொல்லும். இரண்டும் உண்மைதான், ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடாது.

படலம் செய்யச் சூடான தட்டுகளுக்கிடையே அழுத்துகிறீர்கள் என்றால், அந்தச் சூட்டிலேயே புதிதாகக் கொஞ்சம் ஆக்சிஜனேற்றம் நடக்கும், இருக்கிற ஹைட்ரோபெராக்சைடும் உடைந்து போகும். மைக்ரோடோமில் மெல்லிய சீவலாக எடுப்பதே பாதுகாப்பு.

ஓ.ஐ.டி. என்றால் என்ன? எப்படி ஓடுகிறது?

ஆக்சிஜனேற்றத் தூண்டல் காலம். டி.எஸ்.சி. கருவியில் செய்வது, பாலிஒலிஃபின்களுக்கு (பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் வகை) ஏ.எஸ்.டி.எம். டி3895, பொதுவாக ஐ.எஸ்.ஓ. 11357-6 என்று செந்தரங்கள் உண்டு.

சில மில்லிகிராம் மாதிரியை மூடியில்லாத அலுமினியக் கிண்ணத்தில் வைத்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 200 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றுகிறோம். வழியில் உருகும் பள்ளம் ஒன்று வரும். 200-இல் வெப்பநிலை நிலைத்ததும் நைட்ரஜனை நிறுத்தி ஆக்சிஜனைத் திறக்கிறோம், நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர். கடிகாரம் அங்கே தொடங்குகிறது. திரையில் கோடு படுத்தே கிடக்கும். பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒன்றும் நடக்காது. அந்த நேரமெல்லாம் ஆன்டிஆக்சிடன்ட் ஒவ்வொரு ராடிக்கலாகப் பிடித்துத் தன்னைத் தீர்த்துக்கொண்டிருக்கிறது. அது தீர்ந்த கணம் கோடு தலைதூக்கும், பிறகு செங்குத்தாக ஏறும். ஏறும் பகுதிக்கு ஒரு தொடுகோடு, படுத்த பகுதிக்கு ஒரு நீட்டல். இரண்டும் வெட்டும் நிமிடமே ஓ.ஐ.டி.

சில பாலிமரில் கோடு சோம்பலாக, வளைந்து வளைந்து ஏறும். அங்கே தொடுகோட்டை எங்கே வரைவது என்பதில் ஆளுக்கு ஆள் பல நிமிட வித்தியாசம் வரும். அப்படிப்பட்ட வளைவைப் படத்தோடு கொடுங்கள், எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள்.

மின்கம்பி உறையாகப் போகும் பொருளுக்குச் செம்புக் கிண்ணத்தில் ஓட்டுவதும் உண்டு. செம்பு அயனிகள் ஹைட்ரோபெராக்சைடை வேகமாக உடைப்பதால், அலுமினியத்தில் நன்றாக நின்ற பொருள் செம்பில் சீக்கிரமே கவிழ்ந்துவிடலாம். உலோகச் செயல்நீக்கி சேர்த்திருக்கிறார்களா என்பது அங்கே வெளிப்படும்.

ஓ.ஐ.டி. 40 நிமிடம் வந்திருக்கிறது. குழாய் எத்தனை வருடம் வரும்?

இந்த எண்ணிலிருந்து வருடம் சொல்ல முடியாது. சொல்பவர்களை நம்பாதீர்கள்.

200 டிகிரியில் பாலிமர் உருகிய திரவம். பயன்பாட்டில் அது திடப்பொருள். ஆக்சிஜன் படிகமல்லாத பகுதிகளில் மட்டுமே நுழைய முடியும். வெப்பநிலைக்கு ஏற்ப வினையின் போக்கே மாறுவதால் அந்த உயரத்திலிருந்து அறை வெப்பநிலைக்குக் கோடு இழுத்துக்கொண்டு வர முடியாது. இது ஒரு காரணம்.

இன்னொன்று, ஆன்டிஆக்சிடன்ட் வினையில் மட்டும் தீர்வதில்லை. ஆவியாகும், தண்ணீரில் கசியும். மூலக்கூறு எடை 220 மட்டுமே உள்ள பி.எச்.டி. (BHT) என்ற ஆன்டிஆக்சிடன்ட் எளிதில் பறந்துவிடும், 1,178 உள்ள இர்கனாக்ஸ் 1010 தங்கும். கருவிக்குள் ஓடும் சில நிமிடச் சோதனையில் இந்த இழப்பு சரியாகத் தெரியாது.

ஹால்ஸ் எனப்படும் அமீன் வகை ஒளி நிலைப்படுத்திகளின் கதை வேறு. சாதாரண வெப்பநிலையில் ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்ப வேலை செய்யும். 200 டிகிரியில் அதன் திறமை வெளிப்படாது. ஆகவே வெயிலில் பல வருடம் நிற்கக்கூடிய பொருள் ஓ.ஐ.டி.யில் மோசமான எண் வாங்கலாம்.

ஓ.ஐ.டி. நன்றாகச் செய்யும் வேலை ஒன்று இருக்கிறது. ஒரே பொருள், ஒரே கலவை, நேற்று வந்த லாட்டும் இன்று வந்த லாட்டும் ஒன்றா? உருக்கி வார்த்ததில் மருந்து எவ்வளவு தீர்ந்தது? மூன்று வருடம் மண்ணுக்குள் இருந்த குழாயின் உட்சுவரிலும் நடுவிலும் எவ்வளவு மிச்சம்? இப்படி ஒப்பிடும் கேள்விகளுக்கு இதைவிட மலிவான, விரைவான வழி எனக்குத் தெரியாது.

ஹைட்ரோபெராக்சைடை நேரடியாக அளக்க முடியுமா?

முடியும். பாலிமரை அமிலம் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சோடியம் அயோடைடோடு சூடாக்கினால், ஹைட்ரோபெராக்சைடு அயோடைடை அயோடினாக்கும். உண்டாகும் ட்ரை-அயோடைடை 360 நானோமீட்டரில் அளக்கலாம். கரையாத பாலிமரில் வினைப்பொருள் உள்ளே போய்ச் சேர நேரம் கொடுக்க வேண்டும்; காற்று புகுந்தால் அயோடின் தானாகவே உண்டாகிப் பொய்க்கணக்குக் காட்டும்.

பிளாஸ்டிக் ஒளிர்கிறது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், கண்ணுக்குத்தான் தெரியாது. இரண்டு பெராக்சி ராடிக்கல்கள் மோதி முடியும்போது சில சமயம் கிளர்ச்சியுற்ற கார்பனைல் பிறக்கும், அது தணியும்போது ஒரு ஃபோட்டானை விடும். பாலிபுரொப்பிலீனில் இதை 1961-இல் ஆஷ்பி பதிவு செய்தார். இருட்டறைக்குள் மாதிரியைச் சூடாக்கி, ஒளிப்பெருக்கிக் குழாயால் எண்ணுகிறார்கள்.

இதன் பலம் நுட்பம். வெப்பமாகவோ கார்பனைலாகவோ தெரியும் முன்பே, குறைந்த வெப்பநிலையிலேயே வினை நடப்பதைக் காட்டிவிடும். படமாக எடுத்தால், ஒரு துகள் முழுவதும் ஒரே நேரத்தில் கெடாமல் ஓர் இடத்தில் தொடங்கித் தீ போலப் பரவுவதையும் பார்க்கலாம். பலவீனம், வெளிச்சத்தின் அளவு ராடிக்கல் எண்ணிக்கையோடு நேர்க்கோட்டில் போவதில்லை. ஒரு பாலிமரின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட வழியில்லை.

மூலக்கூறு எடையை ஜி.பி.சி.யில்தான் அளக்க வேண்டுமா?

முழுப் பரவலும் வேண்டுமென்றால் ஆம். பாலிஒலிஃபின்களைக் கரைக்க ட்ரைகுளோரோபென்சீனில் 135 முதல் 160 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கரைப்பானில் பி.எச்.டி. சேர்க்க மறந்தால், நீங்கள் அளப்பது கரைக்கும்போது நடந்த சிதைவை.

கருவி இல்லாதவர்களுக்கு உருகுபாய்வுக் குறியீடு, அதாவது எம்.எஃப்.ஐ., போதும். பாலிபுரொப்பிலீனை 230 டிகிரியில் 2.16 கிலோ எடைக்குக் கீழே பிதுக்கிப் பார்க்கிறோம். எண் ஏறினால் சங்கிலி அறுந்திருக்கிறது. பாலிஎத்திலீனில் எச்சரிக்கை தேவை: அங்கே அறுபடுவதும் குறுக்குப் பிணைப்பு விழுவதும் ஒன்றாக நடக்கும். எம்.எஃப்.ஐ. மாறாமல் இருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளல்ல, இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கலாம்.

மஞ்சளானால் ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஃபீனால் ஆன்டிஆக்சிடன்ட் வேலை செய்து முடித்த பின் குயினோன் வகை மஞ்சள் பொருள்களாக மாறுவது வழக்கம். கிடங்கில் டீசல் வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் பட்டாலும் நிறம் மாறும். அங்கே பாலிமருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் செய்த கணினிப் பெட்டிகள் மஞ்சளாவது வேறு. அதில் பாலிபியூட்டாடையீன் பகுதி உண்மையிலேயே கெடுகிறது.

டி.ஜி.ஏ. (சூடாக்கிக்கொண்டே எடையை அளப்பது) போதாதா?

ஆரம்பக் கட்டத்துக்குப் போதாது. எடை குறையும் அளவுக்கு ஆவியானால்தான் அதற்குத் தெரியும். காற்றிலும் நைட்ரஜனிலும் ஓட்டி ஒப்பிட்டால் ஆக்சிஜனின் பங்கு தெரியும், அவ்வளவுதான்.

அடுப்பில் வைத்து வேகமாகக் கெடுத்து ஆயுளைக் கணிக்கிறோம். என்ன தவறு வரும்?

பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிக்கும் என்ற கைக்கணக்கு ஒரு மதிப்பீடு மட்டுமே. அதைவிடப் பெரிய கண்ணி ஆக்சிஜன் உள்ளே போகும் வேகம். 130 டிகிரியில் மேற்பரப்பே வரும் ஆக்சிஜனையெல்லாம் தின்றுவிடும், நடுப்பகுதி பட்டினி. மேலே கண்ணாடி போல் கடினமான ஓடு, உள்ளே புதுப் பொருள். 40 டிகிரியில் பல வருடம் இருக்கும் பாகத்தில் ஆக்சிஜன் நிதானமாக உள்ளே போய் முழுத் தடிமனையும் கெடுக்கும். இரண்டும் ஒரே சிதைவு அல்ல. வெட்டுமுகத்தில் விளிம்பிலிருந்து நடுவரை புள்ளி புள்ளியாக அகச்சிவப்போ கடினத்தன்மையோ எடுத்துப் பாருங்கள். தட்டையாக இருந்தால் உங்கள் அடுப்பு வெப்பநிலை சரி. கிண்ணம் போல் குழிந்திருந்தால் வெப்பநிலையைக் குறைக்கவோ மாதிரியை மெலிதாக்கவோ வேண்டும்.

மூட்டு மாற்றுப் பாகங்களில் இது எப்படிப் பிரச்சினையானது?

இடுப்பு, முழங்கால் மூட்டுகளில் வைக்கும் மிகை மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனைக் காற்றில் வைத்தே காமாக் கதிரால் கிருமிநீக்கம் செய்துவந்தார்கள். கதிர் விட்டுச்சென்ற ராடிக்கல்கள் படிகங்களுக்குள் சிக்கி, அலமாரியில் இருக்கும்போதே வருடக்கணக்கில் மெல்ல வினைபுரிந்தன. பாகத்தை வெட்டினால், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை. அங்கேதான் அடுக்கடுக்காக உரிந்தது. பிறகு ஆக்சிஜன் இல்லாத உறைகளும், வைட்டமின் ஈ கலந்த பாலிஎத்திலீனும் வந்தன.

அளக்கும் முறை ஏ.எஸ்.டி.எம். எஃப்2102: கார்பனைல் பரப்பை 1,370 சிகரத்தின் பரப்பால் வகுப்பது. உடலிலிருந்து எடுத்த பாகத்தில் கொழுப்பு ஊறியிருக்கும், அதன் எஸ்டரும் கார்பனைல்தான். முதலில் ஹெக்ஸேனில் அதை வெளியே எடுத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். என் கட்டைவிரல் கதைதான், இன்னும் ஆழமாக.

மாதிரியை அனுப்பும் வரை எப்படி வைத்திருப்பது?

இருட்டில், குளிரில், முடிந்தால் நைட்ரஜன் நிரப்பிய அலுமினிய உறையில். உடைந்த முகத்தை விரலால் தொடாதீர்கள், ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், துண்டுகளைப் பசை போட்டுச் சேர்த்துப் பார்க்காதீர்கள். எடுத்த தேதியையும், பாகத்தின் எந்தப் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்திருந்தது என்பதையும் உறையின் மேல் எழுதுங்கள், மாதிரியின் மேல் மார்க்கரால் அல்ல. அதே லாட்டின் பயன்படுத்தாத துண்டு ஒன்று கிடைத்தால் தனி உறையில் போட்டுக் கூடவே அனுப்புங்கள்.